முள் ஆடாத மினி டிராக்டர்



எங்க ஊர்ல இப்ப மினி டிராக்டர் பத்துப் பன்னெண்டு ஓடுது. தென்னந்தோப்புக்குள்ள மரத்துல இடிக்காம புகுந்து வர்றதுக்கும், வாழைக்குள்ள களை ஓட்டறதுக்கும் அதை விட்டா வேற வண்டி கிடையாது. ஆனா டீசல் முள், ஹீட் முள், மணி மீட்டர் மூணும் ஒழுங்கா வேலை செய்யற வண்டி எத்தனைன்னு எண்ணினா ஒரு கை விரல் போதும். கேட்டா, "அதெல்லாம் எதுக்குங்க, வண்டி ஓடுதில்ல" அப்படிங்கறாங்க. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கறதில்லை.

டீசலுக்கு முள் வேண்டாம், ஒத்துக்கறேன். டேங்க்ல குச்சி விட்டுப் பார்த்துக்கலாம். சூட்டுக்கு எந்தக் குச்சியை விடறது? மினி வண்டியோட ரேடியேட்டர் சின்னது, தரையை ஒட்டி இருக்குது. கோடையில ரோட்டவேட்டர் போட்டு ஓட்டினா தூசியும் காஞ்ச சருகும் வலையில அப்பிக்கும். காத்து போகாது, தண்ணி கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போயிட்டா அந்த வருஷத்து தேங்காய்ப் பணம் மெக்கானிக் வீட்டுக்கு. வண்டிக் கடன் தவணை மட்டும் நிக்காது.

இன்னொண்ணு. ஹீட் சென்சார் தண்ணிக்குள்ள மூழ்கி இருந்தாத்தான் சரியாச் சொல்லும். தண்ணி வத்திட்டா அது வெறும் காத்தையும் ஆவியையும் தொட்டுக்கிட்டு நிக்கும், முள் இறங்கக்கூட செய்யும். ஏறிக்கிட்டிருந்த முள் திடீர்னு விழுந்தா 'ஆறிருச்சு'ன்னு நினைக்காதீங்க. உடனே நிறுத்திடுங்க. சூடு ஆறாம ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

இப்ப ரிப்பேருக்கு வர்றேன். சர்வீஸுக்குக் கொண்டு போனா முதல் வார்த்தையே "போர்டே போச்சுங்க, புதுசு மாத்தணும்". எங்க வண்டியிலயும் இதேதான் சொன்னாங்க. ஹெட்லைட் போட்டா டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்து ஏறும், அணைச்சா இறங்கும். ரெண்டு முள்ளு ஒரே நேரத்துல ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? ரெண்டுக்கும் பொதுவா இருக்கறதுலதானே கோளாறு இருக்கணும்? உள்ளூர் எலக்ட்ரீசியன் தம்பி ஒருத்தர் போர்டைக் கழட்டினார். பின்னாடி எர்த் வயர் நட்டு துருப்பிடிச்சுக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவினார். முடிஞ்சது வேலை. அவருக்குக் கொடுத்தது ஒரு டீயும் கூலியும்.

அதனால எல்லா முள்ளும் ஒண்ணா செத்துப்போனா முதல்ல பியூஸ், அப்புறம் எர்த், அப்புறம் சாவியிலிருந்து வர்ற வயர். ஒரு முள் மட்டும் செத்தா அதோட சென்சாரையும் வயரையும் பாருங்க. பழைய மாதிரி முள் வண்டியில ஹீட் சென்சார் வயரைக் கழட்டி, சாவியைப் போட்டு, எஞ்சின் உடம்புல ஒரு நொடி தொட்டா முள் மறு ஓரத்துக்குப் போகணும். போனா மீட்டரும் வயரும் நல்லா இருக்குது, கோளாறு சென்சார் பக்கம். அசையலைன்னா வயரோ மீட்டரோ. டீசல் சென்சாருக்கு இதைச் செய்யறப்ப டேங்க் மூடி மூடியிருக்கணும், பொறி பறக்கும். நம்பர் காட்டற டிஜிட்டல் போர்டுல இந்த வேலை வேண்டவே வேண்டாம், மல்டிமீட்டர் வெச்சிருக்கறவர்கிட்ட விடுங்க.

டீசல் முள் எப்பவும் காலின்னே காட்டினா மிதவையில ஓட்டை விழுந்து உள்ளே டீசல் இறங்கியிருக்கலாம். எலியையும் மறக்காதீங்க. கடலை மூட்டை போட்ட செட்டுலயே வண்டியும் நின்னா வயர் மிஞ்சாது.

விளக்கு விஷயம் முள்ளைவிடப் பெருசு. சாவி போட்டதும் ஆயில் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி போட்டும் எரியலைன்னா வண்டி நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்லை, பல்பு போயிருக்கும், இல்லைன்னா வயர் அந்திருக்கும். ஓடறப்ப எரிஞ்சா நிறுத்திட்டு ஆயில் குச்சியைப் பாருங்க. "சென்சார் கோளாறா இருக்கும்"னு சொல்லிக்கிட்டே அந்த வரிசையை முடிக்கறவங்களைப் பார்த்திருக்கேன். பேட்டரி லைட்டும் அப்படித்தான். பல வண்டியில டைனமோவையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுத்துது. பெல்ட் அறுந்தா முதல்ல பேட்டரி லைட் எரியும், கொஞ்ச நேரத்துல எஞ்சின் கொதிக்கும்.

மணி மீட்டர் ஓடலைன்னா ஆயில் மாத்தறது குத்துமதிப்பாப் போயிடும். கேபிள்ல ஓடற மீட்டர் கடிகாரத்தோட சரியா ஒத்துப்போகாது. எஞ்சின் மெதுவா ஓடினா அதுவும் மெதுவாத்தான் எண்ணும். வாடகைக்கு ஓட்டறவங்க இதை வெச்சு சண்டை போட்டுக்கறது வீண். மீட்டர் செத்த வண்டியை வெச்சிருக்கறவங்க ஒரு நோட்டுல தேதியும் மணியும் எழுதி வையுங்க. பழைய வண்டி வாங்கப் போறவங்க ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே சாவியை மட்டும் போட்டு விளக்கெல்லாம் எரியுதான்னு பாருங்க. ஆயில் பல்பைக் கழட்டிட்டு விக்கறவங்களும் உண்டு.

கம்பெனிக்காரங்ககிட்டயும் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. லட்சக்கணக்குல பணம் வாங்கறீங்க, வயரிங் படத்தைத் தமிழ்ல ஒரு தாளா அச்சடிச்சு டூல் பாக்ஸ்ல போட என்ன செலவாயிடும்? ஒரு முள் போனா அதை மட்டும் மாத்தற மாதிரி போர்டு செய்ய முடியாதா?

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது ஒண்ணுதான். போர்டை மாத்தணும்னு சொன்னா, எந்த இடத்துல கரண்டு வருது, எந்த இடத்துல நிக்குதுன்னு மல்டிமீட்டர் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. மாத்தின பழைய போர்டையும் கையோட வாங்கிட்டு வாங்க.