விக்ஸன் செய்த பாவம் என்ன?

முதல்லயே சொல்லிடறேன், இது கார்ட்டூன் பத்தின பதிவு. 'ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா'ன்னு கேக்கறவங்க இங்கயே அபீட் ஆகிக்கலாம். மத்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜஸ்டிஸ் லீக், டீன் டைட்டன்ஸ் ரெண்டோட கதையையும் கீழே போட்டு உடைக்கப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க. பழைய சரக்குதான், ஆனா இன்னும் கெட்டுப் போகல.

மேட்டர் இதுதான். சூப்பர் ஹீரோ கார்ட்டூன்ல காதல் வைக்கலாம், தாராளமா வைக்கலாம். ஆனா ஒரு ஜோடியைத் தூக்கி நிறுத்தறதுக்காக மூணாவது ஆள் ஒருத்தரைக் கொண்டு வந்து, அவங்களை மனுஷக் கணக்கிலயே சேர்க்காம விடறாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. எழுதத் தெரியாதவங்க செஞ்சா தலையில அடிச்சுக்கிட்டுப் போயிடலாம். பிரமாதமா எழுதத் தெரிஞ்சவங்களே செஞ்சிருக்காங்க. அதான் கடுப்பு.

அடி தடிக்கு நடுவுல காதல் எதுக்கு?

இப்படிக் கேக்கற கோஷ்டி ஒண்ணு எப்பவும் உண்டு. அவங்களுக்கு ஒரே பதில்: மிஸ்டர் ஃப்ரீஸ். காமிக்ஸ்ல அவர் ரொம்ப காலம் ஐஸ் துப்பாக்கியோட சுத்தற டம்மி பீஸ். 1992-ல பேட்மேன் கார்ட்டூன் தொடர்ல 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'னு ஒரு எபிசோட் வந்தது. பால் டினி எழுதினது. தீராத நோய்ல விழுந்த மனைவியைக் காப்பாத்த உறைய வச்சிருக்கிற விஞ்ஞானி, காசு கணக்குப் பார்த்து மிஷினை நிறுத்தச் சொல்ற முதலாளி. அவ்ளோதான் கதை. அதுக்கப்புறம் ஃப்ரீஸைப் பார்த்து யாரும் சிரிக்கல. எம்மி விருதும் வாங்கிச்சு. அரை மணி நேர கார்ட்டூன்ல காதல் ஒரு ஆளை அடியோட மாத்திக் காட்ட முடியும். அதனால 'குழந்தைங்க சமாச்சாரம், இதுல போய் காதலா'ங்கற வாதத்தை இத்தோட மூட்டை கட்டிடலாம்.

ஜானும் ஷயேராவும்

2001 நவம்பர்ல ஜஸ்டிஸ் லீக் ஆரம்பிச்சது. ஏழு பேர். அதுல கிரீன் லேன்டர்ன் ஜான் ஸ்டூவர்ட், முன்னாள் மரைன் வீரர், எதுக்கெடுத்தாலும் ஒழுங்கு, கட்டுப்பாடு. ஹாக்கேர்ள், அதாவது ஷயேரா, தானகர் கிரகத்துல இருந்து வந்தவ. கையில கதாயுதம், முதல்ல அடி, அப்புறம்தான் பேச்சு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே நெருங்கறாங்க. யாரும் டூயட் பாடல. 2003 கடைசியில வந்த 'வைல்டு கார்ட்ஸ்'லதான் அவ முகமூடியை ஜானுக்காகக் கழட்டறா. ரெண்டு சீசன் பொறுமையா காத்திருந்து கட்டின காதல் அது.

அடுத்தது 2004 மே மாசம், 'ஸ்டார்கிராஸ்டு', மூணு பாகம். தானகர் படை பூமியில இறங்குது. அதுக்குத் தலைவன் ஹ்ரோ டாலக், ஷயேராவுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை! அவ இத்தனை நாளும் உளவாளி. பூமியைக் காப்பாத்த வந்ததா சொல்லிக்கிட்டு அவங்க கட்டறது, எதிரி கிரகத்துக்குக் குறுக்கு வழி. அது திறந்தா பூமி காலி. ஷயேரா முதல்ல நண்பர்களைக் காட்டிக் கொடுக்கறா, அப்புறம் சொந்த ஜனங்களையே காட்டிக் கொடுக்கறா. லீக் அவளை வச்சுக்கறதா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு நடத்துது. முடிவைக் கேக்காமலே ராஜினாமா பண்ணிட்டுப் போயிடறா. ஜானை நேசிச்சதுல மட்டும் பொய்யில்லைன்னு சொல்லிட்டுப் போறா. ஜான் பதில் சொல்றான், அவ பறந்து போனதுக்கு அப்புறம், தனியா நின்னுக்கிட்டு.

இதுல காதலை உருவி எடுத்துட்டா போர்க் கதை நிக்காது. போரை உருவி எடுத்துட்டா காதல் நிக்காது. துணைக்கதைன்னா இப்படி இருக்கணும்.

வந்தாள் விக்ஸன்

2004 ஜூலையில தொடர் ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்னு புது பேர்ல வருது. ஹீரோக்கள் கும்பல் கும்பலா வர்றாங்க. அதுல விக்ஸன், நிஜப் பேர் மாரி மெக்கேப். தொழில் மாடலிங். கழுத்துல போட்டிருக்கிற தாயத்தைத் தொட்டா யானை பலம், சிறுத்தை வேகம், எந்த மிருகத்தோட சக்தியும் வரும். சிரிப்பு, தெளிவு, தன்னம்பிக்கை எல்லாம் இருக்கு. மனசு உடைஞ்சு கிடந்த ஜானுக்கு இவ ஜோடியாகறா. ஷயேராவும் திரும்பி வர்றா. முக்கோணம் ரெடி.

இது வரைக்கும் ஒரு குறையும் இல்ல. முக்கோணக் காதல்ல சுவாரஸ்யம் எங்க இருக்கு? யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியாததுலதான். மூணு பேர் பக்கமும் நியாயம் இருக்கணும், மூணு பேருக்கும் இழக்க ஏதாவது இருக்கணும்.

கொஞ்ச நாள்லயே, 2005 ஜனவரியில, 'தி ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் திங்' ரெண்டு பாகம் வருது. காலத்தைத் திருடற ஒருத்தனைத் துரத்திக்கிட்டு பேட்மேன், ஒண்டர் வுமன், ஜான் மூணு பேரும் முதல்ல பழைய அமெரிக்க மேற்குப் பக்கம் போறாங்க, அப்புறம் எதிர்காலம். அங்க வார்ஹாக்னு ஒரு வீரன். 2000-த்துல பேட்மேன் பியாண்ட் தொடர்லயே தலை காட்டின ஆள். இப்பத்தான் சொல்றாங்க, அவன் பேர் ரெக்ஸ் ஸ்டூவர்ட்டாம். ஜானுக்கும் ஷயேராவுக்கும் பொறந்த மகனாம்.

முடிஞ்சது கதை! ஆட்டம் ஆரம்பிச்ச உடனே ஸ்கோர் போர்டைத் திறந்து காட்டியாச்சு. இனிமே விக்ஸன் சிரிச்சா நமக்குப் பாவமா இருக்கும், ஜான் தோள்ல சாஞ்சா 'அடிப் பாவமே'ன்னு இருக்கும். அவளை இனி ஒரு ஆளா பார்க்கவே முடியாது. ஒரு ரயில் வர்ற வரைக்கும் உக்கார்ற பெஞ்சு அவ.

என் அக்கா பொண்ணுக்குப் பதினோரு வயசு. கூட உக்காந்து பார்த்துக்கிட்டே வந்தவ, இந்த இடத்துல திரும்பிக் கேட்டா: "அப்போ இந்த இன்னொரு அக்கா எதுக்கு மாமா?" கார்ட்டூன் எழுதறவங்க சம்பளம் வாங்கிக்கிட்டு யோசிக்க வேண்டிய கேள்வி அது.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, விக்ஸனை அவங்களுக்கு எழுதத் தெரியும். அதே 2005-ல, இதுக்கு அப்புறம் வந்த 'ஹன்டர்ஸ் மூன்' பாருங்க. விக்ஸனும் ஷயேராவும் ஒரே கப்பல்ல, கூட ஷயேராவை மன்னிக்காத விஜிலன்ட்டி. பழி வாங்க வந்த தானகர் வீரர்கள்கிட்ட மாட்டிக்கறாங்க. குழாயடிச் சண்டை ஒண்ணும் இல்ல. ரெண்டு பெண்களும் பெரிய மனுஷத்தனமா நடந்துக்கறாங்க, ஒருத்தர் உயிரை ஒருத்தர் காப்பாத்தறாங்க. அருமையான எபிசோட். ஆனா வார்ஹாக்கை ஏற்கனவே பார்த்துட்ட நமக்கு, விக்ஸனோட பெருந்தன்மை ஏமாளித்தனமாத்தான் தெரியுது. தாங்களே செதுக்கின பாத்திரத்தைத் தாங்களே கவுத்துட்டாங்க.

சப்பைக்கட்டு 1: ஜான் விக்ஸனைத்தானே தேர்ந்தெடுத்தான்?

ரசிகர்கள் வழக்கமா எடுத்து விடற வாதம் இது. 2006-ல வந்த 'ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி'ல ஷயேராவுக்கும் மகன் விஷயம் தெரிஞ்சுடுது. அப்பவும் ஜான், விதி எழுதி வச்சிருக்குங்கறதுக்காக நான் ஆட மாட்டேன், மாரியோடதான் இருக்கப் போறேன்னு சொல்லிடறான். பார்த்தீங்களா, விதியை மதியால வென்றான், சுதந்திரம், அது இதுன்னு ஒரே பில்டப்.

சரிங்க, கொஞ்சம் நிதானமா பாருங்க. அந்த முடிவுல மாரி எங்க இருக்கா? அவன் வேண்டாம்னு சொல்றது விதியை. மாரியை ஏன் வேணும்னு சொல்றான்? அவகிட்ட அவனுக்கு என்ன பிடிச்சிருக்கு? விதியோட மல்லுக்கட்ட அவனுக்கு ஒரு ஆயுதம் வேணும், அது மாரி. அந்தப் பேச்சு நடக்கறதும் ஜானுக்கும் ஷயேராவுக்கும் நடுவுல. யாரோட வாழ்க்கையைப் பத்திப் பேசறாங்களோ அவ பக்கத்துல இல்ல. பேட்மேனுக்கு மகன் விஷயம் தெரியும், ஷயேராவுக்குத் தெரியும், டிவி முன்னாடி உக்காந்திருக்கிற நமக்கும் தெரியும். மாரியை உக்கார வச்சு ஜான் அதைச் சொல்ற சீனை மட்டும் காட்டவே இல்ல. கேட்டதும் அவ தாயத்தைத் தடவிக்கிட்டே சிரிச்சிருக்கலாம். 'கிளம்புடா'ன்னு கதவைக் காட்டியிருக்கலாம். 'வந்தா வரட்டும், இன்னிக்கு நீ என்னோட இருக்க'ன்னு சொல்லியிருக்கலாம். எதுவா இருந்தாலும் அது அவளோட முடிவா இருந்திருக்கும்.

சப்பைக்கட்டு 2: நேரம் இல்லையே பாஸ்!

அன்லிமிடெட்ல இருக்கறது 39 எபிசோட், ஹீரோக்களோ டஜன் கணக்குல, எல்லாருக்கும் எங்க இடம்னு அடுத்த ஜல்லி. இதுக்கு அதே தொடர்லயே பதில் இருக்கு. 2005-ல வந்த 'டபுள் டேட்'. எழுதினது கெய்ல் சிமோன். ஹன்ட்ரஸுக்குத் தன் அப்பா அம்மாவைக் கொன்ன மேன்ட்ரகோராவைத் தீர்த்துக் கட்டணும். அதுக்காகக் க்வெஸ்டியனைக் கூட்டு சேர்த்துக்கறா. எதிர்ப்பக்கம் அந்தக் கொலைகாரனைக் காவல் காக்கற கிரீன் ஆரோ, பிளாக் கேனரி. ஒரே எபிசோட், நாலு பேர், ரெண்டு ஜோடி, நாலு பேருக்கும் தனித்தனியா ஒரு நோக்கம். கடைசியில மேன்ட்ரகோராவுக்கும் ஒரு பையன் இருக்கான்னு பார்த்ததும் ஹன்ட்ரஸ் கை நிக்குது. காதல் அந்த ஓட்டத்துலயே தானா முளைக்குது. இருபத்து சொச்சம் நிமிஷம்தான் எடுத்துக்கிட்டாங்க. நேரம் இல்லைங்கறது உடான்ஸ்.

இதே கெய்ல் சிமோன் 1999-ல ஒரு பட்டியல் போட்டாங்க. ஹீரோவுக்குக் கோவம் வரணுங்கறதுக்காகவே காமிக்ஸ்ல கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட பெண் பாத்திரங்களோட பட்டியல். அதுக்குப் பேர் வந்ததே 1994-ல வந்த ஒரு கிரீன் லேன்டர்ன் கதையில இருந்துதான். அதுல வேற ஒரு லேன்டர்னோட காதலியைக் கொன்னு ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருப்பாங்க. விக்ஸனை யாரும் ஃப்ரிட்ஜ்ல வைக்கல, ஒத்துக்கறேன். வெயிட்டிங் ரூம்ல வச்சாங்க. ரத்தம் வரலைங்கறதால அது மரியாதை ஆகிடாது.

எப்படிச் செய்யணும்?

டீன் டைட்டன்ஸ்ல டெர்ரான்னு ஒரு பொண்ணு. பீஸ்ட் பாய்க்கு அவ மேல உயிர். அவ ஸ்லேட் பக்கம் போய் டீமையே கவுக்கறா, கடைசியில எரிமலையை அடக்கி ஊரைக் காப்பாத்திட்டு கல்லா மாறிடறா. இது 2004. 2006-ல கடைசி எபிசோட் 'திங்ஸ் சேஞ்ச்'. டெர்ரா மாதிரியே ஒரு பொண்ணு பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருக்கா. பீஸ்ட் பாய் பின்னாலயே சுத்தறான், ஞாபகப்படுத்தப் பார்க்கறான், பழைய இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போறான். அவ திரும்பத் திரும்ப 'நான் அவ இல்ல, என்னை விட்டுடு'ங்கறா. இவ நிஜமாவே டெர்ராவா, மறந்துட்டாளா, மறக்க ஆசைப்படறாளா, எதையும் சொல்லாமலே தொடரை முடிக்கறாங்க. ஹீரோ அழுதாலும் அவ 'வேண்டாம்'னு சொன்னா வேண்டாம்தான், அவன் திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்க்கறான். ரசிகர்கள்ல பாதிப் பேர் இந்த முடிவைத் திட்டினாங்க. எனக்கு இதை விட நேர்மையான முடிவு கார்ட்டூன்ல தெரியாது.

இதுக்கு நேர் எதிர் 2016-ல வந்த 'தி கில்லிங் ஜோக்' கார்ட்டூன் படம். பார்பரா கார்டன் 1993-ல பேட்கேர்ள் உடையை எதுக்குப் போட்டா தெரியுமா? பொய் வழக்குல சிக்கின அப்பா கமிஷனர் கார்டனை மீட்க. அப்படி வந்த பெண்ணை, இந்தப் படத்துல முதல் அரை மணி நேரம் பேட்மேன் மேல ஏங்க விட்டு, மொட்டை மாடியில ஒரு சீனும் வச்சு, அப்புறம் ஜோக்கர் கையால சுட வச்சாங்க. 1988 காமிக்ஸ்ல பார்பராவுக்குப் போதிய இடம் இல்லைன்னு சொல்லித்தான் இந்த முன்கதையைச் சேர்த்தாங்களாம். கொடுத்த இடத்துல போட்டது இதுதான். அடப் போங்கப்பா!

எழுதறவங்களுக்கு என்கிட்ட இருக்கறது மூணே கேள்வி:

1. இந்தக் காதல் இல்லாட்டி இந்தப் பாத்திரத்துக்குக் கதையில வேலை உண்டா?
2. அவங்களைப் பத்தின முக்கியமான விஷயம் அவங்களுக்குத் தெரியுமா, இல்ல சுத்தி இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா?
3. தோத்தாலும் அவங்க வாயால ஒரு முடிவு சொல்றாங்களா?

ஷயேரா மூணுலயும் பாஸ். டெர்ரா பாஸ். ஹன்ட்ரஸ் டிஸ்டிங்ஷன். விக்ஸன் முதல் கேள்வியில பாஸ் பண்ணிட்டு அடுத்த ரெண்டுல ஃபெயில், ஆனா அந்த மார்க் போக வேண்டியது பேனா பிடிச்சவங்க கணக்குல. வருஷம் பல ஆச்சு. ஜானா ஷயேராவான்னு இன்னும் வாய்க்கா தகராறு பண்றவங்களைப் பார்க்கறேன். மாரிகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?