லூன் பறவையும் ஒரு துண்டு ஈயமும்



முதலில் ஒரு திருத்தம். "பறவைகளின் எலும்புக்குள் காற்றுதான் இருக்கும், அதனால்தான் அவை லேசாகப் பறக்கின்றன" என்று அறிவியல் பாடத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. போன கோடையில் கனடாவில் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது.

டொரன்டோவுக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் நான்கு நாள் தங்கினோம். முதல் நாள் ராத்திரி ஏரிப்பக்கமிருந்து நீளமாக ஒரு ஓலம். யாரோ அழுகிறார்கள் என்று பயந்து மகளை எழுப்பினேன். "லூன் பறவைம்மா, ஜோடியைக் கூப்பிடுது" என்றாள். காலையில் பார்த்தேன். கறுப்புத் தலை, சிவப்புக் கண், கறுப்பு முதுகில் வெள்ளைக் கட்டங்கள். அந்த முதுகில் ஒரு குஞ்சு சவாரி செய்துகொண்டிருந்தது! கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது இந்தப் பறவைதான். அதனால் நாணயத்துக்கே 'லூனி' என்று பெயர்.

லூனின் எலும்புகள் பெரும்பாலும் கெட்டியானவை. அந்தக் கனம்தான் ஆழத்தில் முங்கி மீன் பிடிக்க உதவுகிறது. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் நீரில் துடுப்பு மாதிரி; தரையில் நடப்பது பெரும்பாடு. ஆகவே தண்ணீர் ஓரத்திலேயே கூடு கட்டும். வருடத்துக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். வளர்ந்த குஞ்சு கடலுக்குப் போய், சில வருடம் கழித்துத்தான் ஏரிக்குத் திரும்பும். அது தாயாக ஐந்தாறு வயதாகிவிடும். வளர்ந்த பறவை ஒன்று போனால் அந்த இழப்பு சீக்கிரம் ஈடாகாது.

மூன்றாம் நாள் மருமகன் தூண்டில் போட்டார். பாறையில் சிக்கி நரம்பு அறுந்து, ஈயக்குண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. "விடுங்க அத்தை, பட்டாணி அளவு ஈயம்தானே" என்றார். வகுப்பில் ஒரு காகிதத்தைக் கீழே போட்டாலும் உங்களைத் திட்டிய நான், அன்று பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் படகுத்துறை அறிவிப்புப் பலகையைப் படித்ததும்தான் மனசு உறுத்தியது.

நம் வீட்டுக் கோழி போலவே லூனும் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். ஏரியடியில் கிடக்கும் ஈயக்குண்டைக் கல் என்று எடுத்துவிடலாம். அறுந்த தூண்டிலோடு நீந்தும் மீனை விழுங்கினாலும் ஈயம் உள்ளே போகும். அது வயிற்றில் கற்களோடு அரைபட்டு, அமிலத்தில் கரைந்து, ரத்தத்தில் கலக்கும். ஒரே ஒரு குண்டு போதும், சில வாரங்களில் பறவை செத்துவிடும்.

கனடாவில் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான தூண்டில் ஈயத்துக்கு 1990களிலேயே தடை வந்துவிட்டது. ஆனால் லூன் பூங்காவின் எல்லைக்கோட்டைப் பார்த்தா ஏரியைத் தேர்ந்தெடுக்கிறது? நாணயத்தில் போட்டுப் பெருமைப்படும் பறவைக்கு எல்லா ஏரிகளிலும் காப்பு வேண்டும் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் ஒரு அவுன்சும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டுகளை விற்கவே கூடாது என்று 2016-இல் நிறுத்திவிட்டது. பிரிட்டனில் அன்னப்பறவைகள் இதே ஈயத்தால் செத்தன. 1987-இல் சிறிய ஈயக்குண்டு விற்பனையைத் தடை செய்த பிறகு அவற்றின் எண்ணிக்கை மீண்டும் பெருகியது. செய்தால் பலன் உண்டு.

"ஈயம்தான் மலிவு" என்பார்கள். உண்மைதான். வெள்ளீயம், எஃகு, டங்ஸ்டன் குண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் காசாகும். ஆனால் அந்த மலிவுக்கு விலை கொடுப்பது நாமல்ல, அந்தப் பறவை. மீன் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குண்டை மட்டும் மாற்றுங்கள் என்கிறேன்.

ஊருக்குத் திரும்பும் முன் மருமகனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டியில் இருந்த ஈயத்தையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஏரியில் ஒரு குண்டு குறைந்திருக்கும்.

ஒன்டாரியோ, மினசோட்டா, மிச்சிகன் பக்கம் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் தூண்டில் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். மாற்றியவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். டீச்சர் மதிப்பெண் போடக் காத்திருக்கிறேன்.