ஒரே கிளையில் எத்தனை தடவை?

சதுரங்கக்காரனின் நேரம் எங்கே கரைகிறது என்பதைச் சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் அழகாகப் பிடித்திருக்கிறார். ஒரு நகர்த்தலைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறான், திருப்தியில்லை. இன்னொன்றைப் பார்க்கிறான், அதிலும் ஏதோ இடிக்கிறது. மறுபடி முதலாவதற்கே வருகிறான். அரைமணி நேரம் இப்படி அல்லாடியபின் கடிகாரம் கண்ணில் படுகிறது. பதறிப்போய், அதுவரை யோசித்தே பார்க்காத மூன்றாவது நகர்த்தலை ஆடிவிடுகிறான்.

கடன் கேட்கும் சொந்தக்காரரிடம் எப்படி முடியாது என்று சொல்வது என மத்தியானம் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, போன் வந்ததும் “சரி, அனுப்புறேன்” என்கிறோமே, அதேதான். அந்த மத்தியானத்தைத் தின்றது சோம்பல் அல்ல. பயந்த மனசு போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போகும்.

யோசனையை மரமாகப் பார்த்த கோட்டோவ், ஒவ்வொரு கிளையிலும் ஒரே தடவைதான் ஏற வேண்டும் என்றார். பின்னால் வந்தவர்கள் இவ்வளவு கறார் ஆகாது என்றார்கள்; புதிதாக ஒன்று தெரிந்தால் திரும்பத்தான் வேண்டும். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பயத்தில் திரும்புவது வேறு, ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வேறு.

பின்னதற்கு ஓர் உதாரணம்: 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங் லிரெனுக்கும் குகேஷுக்கும் இடையிலான உலக சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 120 நிமிடம். சராசரியாக ஒன்றுக்கு மூன்று. அந்தக் கட்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது. டிராதான் என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் ரூக்கை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். பெரும் பிழை. ஆனால் குகேஷுக்கு அது உடனே புலப்படவில்லை. தன் ரூக்கை வேறு கட்டத்துக்கு நகர்த்தத்தான் இருந்தாராம், பிறகு அவரே சொன்னது. அந்தக் கணத்தில் கை முந்தியிருந்தால் சாம்பியன் பட்டம் அன்று கைக்கு வந்திருக்குமோ என்னவோ. டிங்கின் பிஷப் சிக்கப்போவதை அதற்குள் கண்டுகொண்டார். கண்ட பிறகும் பாயவில்லை. தன்னைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொண்டு, பிறகுதான் ரூக்கை வெட்டினார்.

58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.