சோளகம் ஊருக்கே தெரியும், அமைச்சர் அவர்களே

கௌரவ எரிசக்தி அமைச்சர் அவர்களுக்கு,

கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து எழுதுகிறேன். சுற்றாடல் சட்டம் என்ன சொல்கிறது, அனுமதிப்பத்திரத்துக்கு என்னென்ன நிபந்தனை என்று உங்களுக்குப் பாடம் நடத்த இந்த மடலை எழுதவில்லை. அதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நுரைச்சோலை, நரக்களி, இலந்தையடிப் பக்கத்து விவசாயிகளின் மனுக்களும் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாகத்தான் இருக்கும். மனுவுக்கு மேல் மனு எழுதி ஊர் களைத்துவிட்டது. ஆகையால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். பொறுத்தருள்க.

நான் பேச வந்தது காற்றைப் பற்றி மட்டுமே.

நுரைச்சோலையிலுள்ள லக்விஜய அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இல் தொடங்கியது, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. மூன்றும் முழுதாக ஓடினால் நாளொன்றுக்கு 7,000 தொன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். ஆண்டுக் கணக்கு 20 இலட்சம் தொன்னைத் தாண்டும். ஏறத்தாழ 60,000 தொன் ஏற்றிய கப்பல்கள் வருகின்றன. அவை கரைக்கு வர முடியாது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு, கரியைப் பார்ஜுகளில் இறக்கி, இறங்குதுறைக்கு இழுத்து வந்து, அங்கிருந்து ஓடும் பட்டியில் ஏற்றி முற்றத்தில் கொட்டுகிறார்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் கடல் இதற்கு விடாது. ஏப்ரலோடு இறக்கும் வேலை அநேகமாக நின்றுவிடும், செப்டெம்பர் வாக்கில்தான் மறுபடி தொடங்கும். இடையில் வரும் மாதங்களில் எரிக்க வேண்டிய கரி அவ்வளவையும் அதற்கு முன்பே கொண்டுவந்து வெட்டவெளியில் குவித்தாக வேண்டும்.

இப்போது நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. கரிமேடு ஆண்டிலேயே உயரமாக நிற்பது ஏப்ரல் முடிவில். காற்று ஆண்டிலேயே பலமாக வீசுவது மே முடிவிலிருந்து ஓகஸ்ட் வரை. எந்தக் காற்றுக்குப் பயந்து கரியைச் சேர்த்து வைக்கிறார்களோ அந்தக் காற்றின் வாயிலேயே அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கரித்தூள் ஊருக்குள் பறப்பதை விபத்து என்று எப்படிச் சொல்வது? வருடா வருடம், சொல்லிவைத்த மாதத்தில், சொல்லிவைத்த திசையிலிருந்து வரும் விபத்து உலகத்தில் வேறெங்கும் உண்டா?

நிலையத்து வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பது தோட்டங்கள். மணல் நிலம், ஆழமில்லாத கிணறு, சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட். நாடு முழுவதும் தின்னும் மரக்கறியில் ஒரு பங்கு இந்த மணலில் விளைகிறது. சோளகக் காலத்தில் வெங்காயத் தாளில் விரலை வைத்து இழுத்தால் விரல் கறுக்கும் என்கிறார்கள் தோட்டக்காரர்கள். கொடியில் காயும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைக்கும் அதே கதிதான். பிள்ளைகளின் இருமலைப் பற்றித் தாய்மார் சொல்வதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு மருத்துவ ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். ஆதாரம் தேடுவது யாருடைய வேலை என்று நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டிவரும்.

கேட்கும்போதெல்லாம் ஒரே பதில், காற்று கூடிவிட்டதாம். தடுப்பு வேலி போட்டிருக்கிறதாம், மரம் நட்டிருக்கிறதாம், தண்ணீர் தெளிக்கிறார்களாம். எல்லாம் சரி. மிளகாயைப் பாயில் காயப்போட்ட பெண் மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளி உள்ளே வைக்கிறாள், அவளுக்கு எந்தப் பொறியியலாளரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் காற்றை அரசாங்கம் அறியாது என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கரிமேட்டுக்குச் சற்றுத் தூரத்தில் மாம்புரி. அங்கே 2010 முதல் காற்றாலைகள் சுற்றுகின்றன. எந்த மாதத்தில் எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று அளந்து பார்த்துத்தானே அதில் பணம் போட்டார்கள்? அந்த மின்சாரத்தை அலகுக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கியது மின்சார சபை. வடக்கே போனால் கற்பிட்டி. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடும் விளையாட்டுக்காக ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காற்று, தப்பாமல் வாருங்கள் என்றுதான் அவர்களை அழைக்கிறார்கள். இந்தக் கரை மீனவர்களோ தலைமுறை தலைமுறையாகச் சோளகம் பிடிக்குமுன்னே படகையும் வலையையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வாடி போடப் போய்விடுவார்கள். அவ்வளவு ஏன், 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இபின் பதூதாவே இந்தக் கடற்காற்றில் அகப்பட்ட கதையை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். காற்றாலைக்காரனுக்குத் தெரிகிறது, வெள்ளைக்காரப் பயணிக்குத் தெரிகிறது, மீனவனுக்குத் தெரிகிறது, கிட்டத்தட்ட 700 வருடத்துக்கு முந்திய மொரோக்கோக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. கரியைக் குவித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் அது எதிர்பாராத காற்று.

2025 பெப்ரவரி 9ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார்கள். நுரைச்சோலை இயந்திரங்கள் மூன்றும் நின்றுபோயின. அதன் பிறகு சில நாள் எங்கே பார்த்தாலும் எங்கள் ஊர்ப் பெயர்தான். ஒன்று திரும்ப ஓடியதா, இரண்டாவது எப்போது, மின்வெட்டு எத்தனை மணிக்கு என்று கொழும்பு மணிக்கு மணி விசாரித்தது. இயந்திரம் நின்றால் நுரைச்சோலை செய்தி. ஓடினால் செய்தி இல்லை. ஓடும்போது எங்கள்மேல் விழுவதோ செய்தியே இல்லை. எங்கள் பேச்சும் கொழும்பு வரை கேட்க வேண்டுமானால் நாங்களும் ஒரு குரங்கைப் பிடித்து வளர்க்க வேண்டும் போலிருக்கிறது.

இந்தக் குடாநாட்டின்மேல் இறக்கிவைத்த சுமைகள் கொஞ்சமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் பிடித்ததோடு இங்கே வந்து இறங்கினார்கள். ஆலங்குடாவில், வேறு பல இடங்களில், கிடுகுக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார்கள். ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள் தண்ணீரையும் நிலத்தையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். யாருக்கும் அறிக்கை விடவில்லை. அப்படி வந்து தட்டுத்தடுமாறி ஒரு தோட்டமும் வீடும் ஆக்கிக்கொண்ட குடும்பங்களும் இன்று இந்தக் கரித்தூளுக்குள்தான் இருக்கின்றன. நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு இந்த மண்ணிலிருந்துதான் போகிறது, போகட்டும். மூடிய கிடங்கு ஒன்று கட்டச் செலவாகும் என்று சொல்லாதீர்கள். கிடங்கு கட்டாத செலவை இத்தனை வருடமாக வெங்காயத் தோட்டக்காரன் கட்டிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு நீங்கள் பற்றுச்சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

இந்தக் கரியை எப்படி மூடுவது, எதால் மூடுவது, எப்போது முடிப்பது என்பதை உங்கள் ஆட்கள் சொல்லட்டும். சம்பளம் அவர்களுக்குத்தான் கொடுக்கிறீர்கள். எங்களுக்கு வேண்டியது, அடுத்த சோளகத்துக்கு முன் ஏதாவது நடக்க வேண்டும். "ஆராயப்படும்" என்று இன்னொரு கடிதம் அனுப்பிவிடாதீர்கள். அதை வைக்கக் கோப்பில் இடமில்லை.

ஒன்று செய்யுங்கள். ஜனவரியில் வராதீர்கள். ஜனவரியில் எங்கள் ஊர் அழகாகத்தான் இருக்கும். ஜூலையில் வாருங்கள், வெள்ளைச் சட்டையோடு. தண்ணீர் பவுசரை முந்திக்கொண்டு வாருங்கள். வருவதை மட்டும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கற்பிட்டிக் குடாநாட்டு வாசி ஒருவன்