ஈறில் ஊறும் நீர் சொல்லும் சேதி

மதுரையானாலும் மேலூர், உசிலம்பட்டி பக்கமானாலும், பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பலர் சொல்லும் முதல் வார்த்தை, ‘பல் ஆடுது’ என்பதுதான். அதற்கு முன்னால் வலி பெரிதாக இருந்திருக்காது. பல் தேய்க்கும்போது ரத்தம் மட்டும் வந்திருக்கும். பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து, அந்த இடத்தைத் தேய்க்காமலே விட்டிருப்பார்கள். அழுக்கு சேர்ந்து நோய் முற்ற இதுவே போதும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதில் துளியூண்டு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இது எச்சில் அல்ல. ரத்தத்திலிருந்து ஈறு வழியாகக் கசிவது. ஈறு வீங்கினால் கசிவு கூடும். கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் விடும் ரசாயனங்களும் அதில் கலக்கும். ‘இன்டர்லூக்கின்-1 பீட்டா’ வீக்கத்தைத் தூண்டும். ‘எம்எம்பி-8’ என்ற நொதி, பல்லைத் தாங்கும் கொலாஜன் நாரையே அரிக்கும். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டுச் சுவரை இடித்த கதைதான்!

எக்ஸ்ரே காட்டுவது ஏற்கெனவே கரைந்துபோன எலும்பை. இந்த நீர் காட்டுவது, இன்றைக்கு நடக்கிற அழிவை. சின்னக் காகிதப் பட்டையை இடுக்கில் சில நொடி வைத்து உறிஞ்சி, பரிசோதனைக் கூடத்தில் பார்க்கிறார்கள். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிமோ சோர்சா குழுவின் ஆராய்ச்சி, இதை எளிதாக்கியது. வாய் கொப்பளித்த நீரே போதும். கர்ப்பச் சோதனைப் பட்டைபோல 5 நிமிடத்தில் கோடு தெரியும். ஆனால், எந்தப் பல்லில் கோளாறு என்று அது சொல்லாது.

அதனால், மில்லிமீட்டர் குறி போட்ட மெல்லிய கம்பிக்கு இன்னும் வேலை இருக்கிறது. பல்லைச் சுற்றி 6 இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரத்தம் வராவிட்டாலும் இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்பட விடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், நோய் இருப்பதே தெரியாமல் போகும்.

‘சுத்தம் பண்ணினால் பல் ஆடிவிடும்’ என்று பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆட்டம் முன்பே இருந்ததுதான். பல்லைச் சுற்றிக் கட்டியிருந்த காரை அதை மறைத்திருந்தது. காரையை எடுத்தபின் வீக்கம் வற்றி, ஈறு இறுகச் சில வாரங்கள் ஆகும்.