லங்கணம் குழந்தைக்கு ஆகாது

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் போனால் காப்பிப் பொடியும் கிடைக்கும், வாழை இலையும் கிடைக்கும். பல தலைமுறைகளாக இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து இவற்றை மட்டும் கொண்டு வரவில்லை. குழந்தை வளர்ப்பு பற்றிய நம்பிக்கைகளையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்திருக்கின்றன.

ஒரு கோடையில் எங்கள் மாடி வீட்டு ஒன்பது மாதக் குழந்தைக்குப் பேதி. காலையிலிருந்து ஏழெட்டு முறை. அம்மா கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறாள். மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "எதைக் கொடுத்தாலும் அப்படியே போயிடறது. வயித்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு. லங்கணம் பரம ஔஷதம்னு சும்மாவா சொன்னா?"

மாலைக்குள் குழந்தையின் கண்கள் குழிந்துவிட்டன. அழுதான், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அடுத்த தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமி உடனே டிரிப் ஏற்றச் சொன்னார். டாக்டர் ஒரு ஸ்பூன் ஓ.ஆர்.எஸ். கொடுத்துப் பார்த்தார். குழந்தை ஆவலாகக் குடித்தான். குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசி தேவையில்லை என்று சொல்லி, அம்மாவை அங்கேயே உட்கார வைத்தார். எட்டு கிலோ குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் 600 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாக, நடுநடுவே தாய்ப்பால். இரவு ஒன்பது மணிக்கு குழந்தை மூத்திரம் போய், அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மாமிக்கு மட்டும் திருப்தி இல்லை. "பேதி நிக்கலையே?" என்றார்.

குழந்தைகள் பற்றிய தவறான நம்பிக்கைகளில் மிக ஆபத்தானது இந்தக் கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பேதி நின்றால்தான் மருந்து வேலை செய்தது என்று நினைக்கிறோம். குழந்தையைக் கொல்வது பேதி அல்ல. உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். பேதி பெரும்பாலும் சில நாட்களில் தானாக நிற்கும். அதுவரை குழந்தை காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியது இதே நகரம். காலரா கிருமியின் நச்சுப் பொருள்தான் குடலிலிருந்து நீரைக் கொட்ட வைக்கிறது என்று 1959இல் கண்டுபிடித்தவர் கல்கத்தாவின் டாக்டர் சம்புநாத் டே. அதற்கும் முன்பே, 1953இல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா டாக்டர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துக் குணப்படுத்தியதை 'லான்செட்' இதழில் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு 1971 வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திய ஆராய்ச்சி மையத்திலிருந்து போயிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். குடிக்க வைத்தது பெரும்பாலும் நர்சுகள் அல்ல. அம்மாவும் அக்காவும் பாட்டியும்தான்.

அந்த முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஓ.ஆர்.எஸ்.ஸின் அடிப்படையை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978இல் 'லான்செட்' தலையங்கம் எழுதியது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டுதான் வந்தது.

குடிப்பதெல்லாம் பேதியாகப் போய்விடாதா? போகாது. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் திறக்கிற ஒரு வாசல் இருக்கிறது. அவை உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். காலராவின் நஞ்சால்கூட அந்த வாசலை மூட முடிவதில்லை. வெறும் தண்ணீரால் இது நடக்காது. சர்க்கரை அதிகமானாலோ விபரீதம். குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக வெளியே கொட்டும். குளிர்பானமும் பாட்டில் ஜூசும் பேதியை மோசமாக்குவது இதனால்தான்.

கடைக்காரர் 'ஓ.ஆர்.எஸ்.' என்று எடுத்துக் கொடுப்பதையெல்லாம் நம்பவும் முடியாது. சர்க்கரை மிகுந்த பானங்கள் இந்தப் பெயரில் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல் வரக்கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாமியின் பட்டியலில் இன்னும் சில உண்டு. "பல் முளைக்கிறது, அதான் பேதி." பல் முளைப்பதற்கும் பேதிக்கும் சம்பந்தம் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தை தவழும். கண்டதை வாயில் வைக்கும். புதிய உணவு சாப்பிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் குறையும். பல்லும் அதே சமயத்தில் வருகிறது, அவ்வளவுதான். "உச்சி விழுந்ததால் பேதி" என்பது தலைகீழ். பேதியால்தான் உச்சிக்குழி உள்வாங்குகிறது. அது உடனே நீர் கொடுக்கச் சொல்லும் எச்சரிக்கை. "தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும்" என்று அலைவதில் போவது பணம் மட்டுமல்ல, உயிர் காக்கும் சில மணி நேரமும்தான். வங்காளிகளும் சளைத்தவர்கள் அல்ல. 'பேட் கொரோம்' என்று அவர்கள் சொல்வதை நாம் வயிற்றுச் சூடு என்கிறோம். கண்திருஷ்டி இரண்டு மொழிக்கும் பொது.

இதில் படித்தவர்களின் மூட நம்பிக்கையும் ஒன்று உண்டு. டிரிப் ஏற்றினால்தான் நல்ல வைத்தியம், ஆன்டிபயாடிக் எழுதினால்தான் நல்ல டாக்டர் என்பது. குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. பேதியை 'நிறுத்தும்' மாத்திரைகள் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாகம் கொடுத்தால் பேதி சீக்கிரம் குறையும். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் 10 பேரில் சுமார் 6 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது, துத்தநாகம் 3 பேருக்கு. உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.4 லட்சம் குழந்தைகளைப் பேதி இன்னும் கொல்கிறது.

எனவே இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரையுங்கள். பாதி பாக்கெட் கணக்கெல்லாம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி மெதுவாக ஸ்பூனால் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் கஞ்சியும் குழைந்த சாதமும் கொடுங்கள். குழந்தை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது, உடனே ஆஸ்பத்திரி.

மாடி வீட்டில் பேதி நிற்க மேலும் மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் ஸ்பூனும் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தது மாமிதான். லங்கணத்தை அவர் கைவிடவில்லை. ஏகாதசிக்கு இப்போதும் பட்டினிதான். ஆனால் அது அவருக்கு மட்டும்.