கணக்கில் வராத இடைவெளிகள்



கத்திரி வெயில் நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: “மொட்டை மாடிக்கு நேர் கீழே படுக்கையறை. எத்தனை டன் ஏ.சி. போடலாம்?” கடையில் கேட்டால் அறையின் சதுர அடியை விசாரித்து, ஒன்று என்றோ ஒன்றரை என்றோ சொல்லிவிடுவார்கள். கான்கிரீட் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே முக்கால் அடி இடம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பரண், குழாய் ஷாஃப்ட், சுவருக்குள் விட்ட காற்றிடைவெளி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இந்த இதழின் சிறப்புப் பகுதியை இந்தச் சின்ன இடங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வீட்டின் வெப்பச் சுமையை எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருளில் கணக்கிடும் பொறியாளர்கள், கட்டடத்தைப் பல ‘ஸோன்’களாகப் பிரிப்பார்கள். ஒரு ஸோனுக்குள் காற்றின் வெப்பநிலை எங்கும் ஒன்றே என்பது அனுமானம். ஒவ்வொரு பொந்தையும் தனி ஸோனாக்கினால் வேலைதான் பெருகும், விடை பெரிதாக மாறாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டாலோ விடை தடம் புரளும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது? மூன்று கேள்விகள் போதும். அந்த இடத்துக்கு வெயில் படும் பக்கம் இருக்கிறதா? உள்ளே காற்று வந்து போகிறதா? விளக்கு, வெந்நீர்க் குழாய் என்று சூடு தரும் பொருள் உண்டா?

குளிரூட்டிய இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள அலமாரிக்கு மூன்றிலும் பதில் ‘இல்லை’. அதை ஓர் அறையோடு சேர்த்துவிடலாம். மேலே திறந்த குழாய் ஷாஃப்ட்டில் வெளிக்காற்று புழங்குகிறது. அதை ஒட்டிய சுவரை உள்சுவராகக் கணக்கிட்டால் சுமை குறைவாகத் தெரியும்.

சுவருக்குள் இருக்கும் மெல்லிய இடைவெளிக்கு ஸோன் தேவையில்லை, வெப்பத்தைத் தடுக்கும் ஓர் அடுக்காக எழுதினால் போதும். மூடிய ஓர் அங்குலக் காற்று, நாலரை அங்குலச் செங்கல் சுவருக்குக் குறையாமல் வெப்பத்தைத் தடுக்கும். அதை மூன்று அங்குலமாக்கினால் பலன் மும்மடங்காகாது. உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கடத்தத் தொடங்கிவிடும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ராட் டிராப்’ செங்கல் கட்டுமுறையில் செங்கல்லும் மிச்சம், உள்ளே காற்றிடமும் உண்டு. ஆனால் குறுக்கே வைத்த செங்கற்கள் வழியாக வெப்பம் தாண்டி வரும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூரைக்கு அடியில் நடப்பது வேறு. சூடான தளம் மேலே இருப்பதால் வெப்பக் காற்று அங்கேயே தங்கிவிடுகிறது, சுழற்சி குறைவு. தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகைக்கு வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் இறங்குகிறது. அதனால்தான் பளபளப்பான அலுமினியத் தாள் இங்கே நன்றாக வேலை செய்கிறது. ஒரு நிபந்தனை: பளபளப்பு காற்றிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி ஒட்டினால் காசுதான் வீண். பகல் வெயிலைக் கான்கிரீட் தாமதமாகத்தான் கீழே விடுகிறது என்பதால், தூங்கப்போகும் நேரத்தில்தான் இந்த இடத்தின் குணம் தெரியும்.

இன்னொன்று, அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர் தளம் வரை போகாமல் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றிருக்கும் வீடுகள் உண்டு. அங்கே விளக்குக்கு வெட்டிய ஓட்டைகள் வழியாக, ஏ.சி. அறையின் காற்றும் ஏ.சி. இல்லாத பக்கத்து அறையின் காற்றும் கலந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் அரை டன் கூட்டுவதைவிட அந்தச் சுவரைத் தளம் வரை எழுப்புவது நல்லது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏ.சி. வாங்கப் போவதற்கு முன், அந்த அறையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கையால் வரைந்து, இடைவெளிகளின் அளவையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த படங்களுக்கு நம் பொறியாளர் குழு சுமைக் கணக்கு போட்டுத் தரும். விளக்கத்தோடு அடுத்த இதழில் வெளியிடுகிறோம். டன்னைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்